வீட்டு வாசலில் ஒரு மின்சார நிலையம்!

2016-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ந் தேதி. திங்கட்கிழமை.

அன்று பிற்பகல் "வர்தா" புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. சென்னை, காஞ்சீபுரம், திருவள்ளூர் ஆகிய மாவட்டங்களில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மின்சார கம்பங்கள் ஒடிந்தன. பொழுது சாய்ந்தது. எங்கும் கும்மிருட்டு!

நகரத்தில் ஒவ்வொரு தெருவாக விளக்கு வந்தது. கிராமங்கள் காத்திருந்தன. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம் என்று காத்திருந்தன.

அந்த நேரத்தில் இன்னொரு கஷ்டமும் சேர்ந்து கொண்டது. 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு ஒரு மாதம்தான் ஆகி இருந்தது. கையில் பணம் இல்லை. பாங்கியிலும் எளிதில் கிடைக்கவில்லை. மெழுகுவர்த்தி வாங்கக்கூட சில்லரைக்கு அலைய வேண்டி இருந்தது.

அப்போது பலருக்கும் நினைவுக்கு வந்தது ஒரே ஒரு பொருள்தான். ஜெனரேட்டர்! கல்யாண மண்டபத்திலும், சவுண்ட் சர்வீஸ் கடையிலும், கோவில் திருவிழாவிலும் "டப டப" என்று சத்தம் போடுமே, அந்த எந்திரம்தான். அதன் தம்பி ஒருவன் இருக்கிறான். ஒரு பெரிய பிரயாணப் பெட்டி அளவுதான் இருப்பான். இரண்டு பேர் தூக்கிவிடலாம். கயிற்றை இழுத்தால் ஓடுவான். வீட்டில் விளக்கு எரியும்.

ஆனால் இவனை வீட்டுக்குள் சேர்ப்பதில் சில விஷயங்கள் இருக்கின்றன. தெரிந்து சேர்த்தால் உதவி. தெரியாமல் சேர்த்தால் உயிருக்கே ஆபத்து!

கடைசி ஊருக்கு ஏன் தாமதம்?

காஞ்சீபுரம் மாவட்டம், உத்திரமேரூர் தாலுகாவில் இருக்கிறது காவாந்தண்டலம். செய்யாற்றுப் பாசனச் சீமை. நெல் வயல்களும், ஏரிகளும், பம்பு செட்டுகளும் நிறைந்த பகுதி.

இப்படிப்பட்ட ஊருக்கு மின்சாரம் எப்படி வருகிறது தெரியுமா?

மின்சார நிலையத்தில் உற்பத்தி ஆகும் மின்சாரம், பெரிய கோபுரங்கள் வழியாகத் துணை மின்நிலையத்துக்கு வருகிறது. அங்கிருந்து 11 ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் கம்பங்கள் வழியாகக் கிளம்புகிறது. வயல் வரப்பைத் தாண்டி, ஏரிக்கரையைத் தாண்டி, புளிய மரத்தையும் பனை மரத்தையும் உரசிக்கொண்டு ஊருக்குள் வருகிறது. ஊரில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அதுதான் 11 ஆயிரத்தை 230 வோல்ட்டாகக் குறைத்து வீட்டுக்குக் கொடுக்கிறது.

இந்த நீண்ட பாதையில் எந்த இடத்தில் ஒரு கிளை விழுந்தாலும் போதும். அதற்கு அப்பால் உள்ள எல்லா ஊருக்கும் இருட்டுதான்.

பழுது பார்க்கும் ஊழியர்கள் முதலில் பெரிய லைனைச் சரி செய்வார்கள். பிறகு ஆஸ்பத்திரி, குடிநீர் நிலையம். அதன் பிறகு அதிக வீடுகள் உள்ள பகுதி. வயலுக்கு நடுவே 3 கம்பம் தாண்டி இருக்கும் 10 வீடுகள் கடைசியில்தான் வரும். இதில் யாரையும் குறை சொல்வதற்கு இல்லை. ஆள் கொஞ்சம், கம்பம் ஏராளம்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி "கஜா" புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதம் அடைந்தன. அத்தனையையும் மீண்டும் நட வேண்டுமே! பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அங்கே ஊர்ப் பொதுத் தொட்டியில் தண்ணீர் ஏற்றியது, வாடகைக்கு எடுத்து வந்த ஜெனரேட்டர்தான். செல்போனுக்கு "சார்ஜ்" ஏற்றிக்கொள்ள ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

புயல் இல்லாமலே இருட்டு!

புயல் வந்தால்தான் இருட்டு என்று இல்லை. தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு முதல் மின்சாரத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2012-ம் ஆண்டில் அது உச்சத்துக்குப் போயிற்று. சென்னையில் தினம் 2 மணி நேரம் மின்வெட்டு. மற்ற ஊர்களிலோ 10 மணி நேரம், 14 மணி நேரம்கூட மின்சாரம் இல்லை. ஒரு மணி நேரம் வரும். ஒரு மணி நேரம் போகும். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மெழுகுவர்த்திக்கு முன்னால் உட்கார்ந்து கொசுவையும் கணக்கையும் மாறி மாறி அடித்தார்கள்.

2014-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி முதல் மின்வெட்டு நீக்கப்படுவதாக அரசு அறிவித்தது. அதற்குள் "இன்வெர்ட்டர்" என்ற பெயர் குக்கிராமத்துப் பாட்டிகளுக்குக்கூட மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு விளக்குக்கு 96 ஆடு!

வெளிச்சத்துக்காகத் தமிழன் செலவு செய்வது புதிது அல்ல.

உத்திரமேரூர் என்றதும் குடவோலைத் தேர்தல் கல்வெட்டு நினைவுக்கு வரும். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. அந்தச் சோழர் காலத்துக் கோவில்களில் வேறு ஒரு வகைக் கல்வெட்டு ஏராளம். அது விளக்குக் கல்வெட்டு!

கோவிலில் அணையாமல் எரியும் விளக்குக்கு "நந்தா விளக்கு" என்று பெயர். ஒரு நந்தா விளக்கு எரிக்க 90 ஆடு, 96 ஆடு என்று தானம் கொடுத்தார்கள். அந்த ஆடுகளை ஓர் இடையர் வாங்கிக்கொள்வார். பதிலுக்குத் தினம் ஓர் உழக்கு நெய் கோவிலுக்கு அளக்க வேண்டும். ஆடு செத்துப் போனால்? அதன் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும். கணக்கில் ஆடு குறையவே குறையாது. ஆகவே "சாவா மூவாப் பேராடு" என்று பெயர் வைத்தார்கள். சாகாத, மூப்பு அடையாத ஆடு!

ஒரே ஒரு திரிக்கு 96 ஆடு! இன்றைக்கு 9 வாட் பல்பு ஒன்று அந்தத் திரியைவிடப் பல மடங்கு வெளிச்சம் தருகிறது. ஆட்டுக் கணக்கு இனித் தேவை இல்லை. பெட்ரோல் கணக்குதான் தேவை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

லண்டனில் புத்தகம் "பைண்டு" செய்யும் கடையில் எடுபிடியாக வேலை பார்த்த ஏழைப் பையன் மைக்கேல் பாரடே. பிற்காலத்தில் பெரிய விஞ்ஞானி ஆனார். 1831-ம் ஆண்டில் அவர் ஒரு உண்மையைக் கண்டுபிடித்தார். கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தத்தை அசைத்தால், கம்பியில் மின்சாரம் ஓடுகிறது!

அவ்வளவுதான் ஜெனரேட்டர். சைக்கிள் டைனமோவும் அதுதான். மேட்டூர் அணையில் தண்ணீர் விழுந்து சுற்றுவதும் அதுதான். வாசலில் "டப டப" என்று ஓடும் பெட்டியில் பெட்ரோல் என்ஜின் சுற்றுகிறது. அது நிமிடத்துக்கு 3 ஆயிரம் சுற்றுச் சுற்றினால், நம் வீட்டுக்கு வரும் அதே மாதிரி மின்சாரம் கிடைக்கிறது. சுற்று குறைந்தால் விளக்கு மங்கும். அதிகமானால் பல்பும் டெலிவிஷனும் புகைந்துவிடும்.

சில எந்திரங்கள் பெட்ரோலில் கிளம்பி மண்எண்ணெயில் ஓடும். என்ஜின் சூடு ஏறும்வரை பெட்ரோல், பிறகு மண்எண்ணெய். முன்பு கடைவீதிகளில் இந்த வகையைத்தான் அதிகம் பார்க்கலாம். மாலையில் கடைக்குக் கடை வாசலில் வைத்து ஓட்டுவார்கள். பக்கத்துக் கடைக்காரர் பேசுவது காதில் விழாது!

எத்தனை விளக்கு எரியும்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பையனும் போடக்கூடிய கூட்டல் கணக்குதான்.

ஒவ்வொரு மின்சாரப் பொருளிலும் அது எத்தனை "வாட்" என்று அச்சிட்டு இருக்கும். ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. பல்பு 4. அது 36 வாட். மின்விசிறி 2. ஒன்றுக்கு 75 வீதம் 150 வாட். டெலிவிஷன் 80 வாட். செல்போன் சார்ஜர் 2. அது 20 வாட். மொத்தம் 286. சுமார் 300 வாட் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வாங்கும் சிறிய ஜெனரேட்டரில் "1 கே.வி.ஏ." என்று எழுதி இருக்கும். அதில் கிடைப்பது ஏறக்குறைய 800 வாட். அதிலும் முழுவதையும் எப்போதும் பிழிந்து எடுக்கக் கூடாது. முக்கால் பங்கு, அதாவது 600 வாட் வரை போட்டால் எந்திரம் நீண்ட நாள் உழைக்கும். ஆகவே மேலே சொன்ன குடும்பத்துக்கு 1 கே.வி.ஏ. தாராளம்.

எங்கே தகராறு வருகிறது என்றால், "இட்லிக்குச் சட்னி அரைக்க வேண்டாமா?" என்று கேட்கும் இடத்தில்தான்! மிக்சி 500 முதல் 750 வாட் வரை இழுக்கும். அதை ஓட்டும்போது மற்றதை நிறுத்திவிட வேண்டும். இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். பேச்சே இல்லை. ஒரு குதிரை சக்தி தண்ணீர் மோட்டார் ஓடும்போதே 746 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஆனால் கிளம்பும்போது அதைப்போல் சில மடங்கு இழுக்கும். படுத்திருக்கும் மாடு எழுந்திருப்பதற்குத்தானே அதிக பலம் வேண்டும்? அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டியும் அதே ஜாதி. ஓடும்போது 150 வாட். கிளம்பும்போது எந்திரம் முனகும். மோட்டாரும் ஓட்ட வேண்டும் என்றால் 1 கே.வி.ஏ. போதாது. பெரியது வாங்க வேண்டும்.

பழைய காலத்து 60 வாட் குண்டு பல்பு 4 போட்டால் 240 வாட் ஆகும். இன்று அதே வெளிச்சம் 36 வாட்டில் கிடைக்கிறது. இந்த ஒரு மாறுதல் கணக்கையே தலைகீழாக்கிவிட்டது. எப்படி என்று பாருங்கள்.

செலவு எவ்வளவு?

1 கே.வி.ஏ. எந்திரம் மணிக்குச் சுமார் அரை லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஒரே ஒரு பல்பு மட்டும் எரித்தால் குறைவாகக் குடிக்குமா? கொஞ்சம்தான் குறையும். சும்மா சுற்றுவதற்கே அதற்குப் பெட்ரோல் வேண்டும். வண்டியில் ஒரு மூட்டை ஏற்றினாலும், 10 மூட்டை ஏற்றினாலும் மாட்டுக்குத் தீனி போட வேண்டும் அல்லவா?

மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 4 மணி நேரம் ஓட்டினால் 2 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், ஓர் இரவுக்கு 200 ரூபாய். அந்த 4 மணி நேரத்தில் 300 வாட் வீதம் செலவான மின்சாரம் 1.2 யூனிட். ஒரு யூனிட்டின் அடக்க விலை 166 ரூபாய்! தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இந்த எந்திரத்தில் 100 யூனிட் தயாரித்தால் 16 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும்!

ஆகவே, வெறும் விளக்குக்காக மட்டும் ஜெனரேட்டர் வாங்குவது புத்திசாலித்தனம் ஆகாது. விளக்குக்கு பாட்டரியும் இன்வெர்ட்டரும் போதும். 150 ஆம்பியர் பாட்டரி ஒன்றில், முழுவதும் வடித்துவிடாமல், ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கலாம். 36 வாட் விளக்குகளுக்கு அது 27 மணி நேரம் வரும். 2 மின்விசிறியும் சுற்றினால் 5 மணி நேரம் வரும். சத்தம் இல்லை. புகை இல்லை. 2 மணி நேர, 4 மணி நேர மின்வெட்டுக்கு அதுவே சிறந்தது.

ஆனால் "வர்தா" மாதிரி 5 நாள், 10 நாள் என்று போனால்? பாட்டரி மறுநாளே படுத்துவிடும். அதற்கு யார் சார்ஜ் ஏற்றுவது? அங்கேதான் ஜெனரேட்டர் வேண்டும். மாலையில் சில மணி நேரம் எந்திரத்தை ஓட்டி, அந்த நேரத்திலேயே பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, இரவெல்லாம் பாட்டரியில் சமாளிப்பதே சிக்கனம். அண்டை வீட்டார் 3 பேர் சேர்ந்து ஒரு எந்திரம் வாங்கிக்கொண்டால் இன்னும் மலிவு. பெட்ரோல் கணக்கில் மட்டும் சண்டை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்!

கம்பத்தின் மேல் ஒரு மனிதர்

இனி மிக முக்கியமான விஷயம். இதை வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

ஜெனரேட்டரை வீட்டு மின்சாரத்தோடு சேர்ப்பது எப்படி? சிலர் ஒரு குறுக்கு வழி செய்கிறார்கள். ஒரு ஒயரை எடுத்து, இரண்டு பக்கமும் பிளக் மாட்டுகிறார்கள். ஒரு பிளக்கை எந்திரத்தில் செருகுகிறார்கள். மற்றதைச் சுவரில் உள்ள பிளக் துளையில் செருகுகிறார்கள். வீடு முழுவதும் விளக்கு எரிகிறது. "பார்த்தாயா, என் மூளையை!" என்று பெருமைப்படுகிறார்கள்.

அந்த மின்சாரம் வீட்டோடு நிற்குமா? மெயின் சுவிட்சை நிறுத்த மறந்திருந்தால் நிற்காது! அது மீட்டருக்குப் போகிறது. மீட்டரில் இருந்து தெருக் கம்பத்துக்குப் போகிறது. கம்பத்தில் இருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகிறது.

டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். மேலே இருந்து 11 ஆயிரம் வோல்ட் வந்தால் 230 ஆகக் குறைக்கும். கீழே இருந்து 230 வந்தால் அதையே பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருக்கி மேலே அனுப்பும்! வீட்டில் விளக்கு எரித்த அதே மின்சாரம், வயலுக்கு நடுவே இருக்கும் உயர் அழுத்தக் கம்பியில் எமனாகக் காத்திருக்கும்.

அங்கே யார் இருக்கிறார்? உங்கள் ஊருக்கு விளக்கு கொடுப்பதற்காக மழையில் நனைந்துகொண்டு கம்பத்தில் ஏறி இருக்கும் மின்சார ஊழியர். துணை மின்நிலையத்தில் லைனை நிறுத்திவிட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஏறி இருக்கிறார். அவருக்கும் வீட்டில் மனைவி மக்கள் உண்டு.

"சின்ன எந்திரம்தானே! ஊர் முழுவதற்கும் மின்சாரம் கொடுக்க முடியாமல் தானாகவே நின்றுவிடும்" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஊர்க் கம்பி முழுசாக இருந்தால் அப்படி நின்றாலும் நிற்கலாம். ஆனால் புயலில் கம்பி அறுந்து கிடக்கிறது. இழுப்பதற்கு வேறு வீடுகள் இல்லை. அப்போது எந்திரம் நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும்.

அனுபவம் உள்ள ஊழியர்கள் கம்பியைத் தொடுமுன் அதை எர்த்தோடு இணைத்துக்கொள்வார்கள். கையுறை போடுவார்கள். ஆனால் 10 நாள் இரவு பகலாக உழைத்த களைப்பில், ஒருவர் ஒரு தடவை அதை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

இந்த ஒயரில் வீட்டுக்காரருக்கும் ஆபத்து உண்டு. ஒரு பிளக் சுவரில் இருந்து கழன்று விழுந்தால், அதன் பித்தளைக் கம்பிகளில் 230 வோல்ட் நிர்வாணமாக நிற்கும். குழந்தை தொட்டால் போச்சு! அதுவும் போகட்டும். எந்திரம் ஓடிக்கொண்டு இருக்கும்போதே திடீரென்று கம்பத்து மின்சாரம் வந்துவிட்டால்? இரண்டும் மோதும். ஜெனரேட்டரின் கம்பிச் சுருள் கருகிவிடும். சில சமயம் தீயும் பிடிக்கும்.

இதற்குப் பரிகாரம் என்ன? "சேஞ்ச் ஓவர் சுவிட்சு". மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டுவது. ஒரு கைப்பிடிதான் இருக்கும். மேலே தள்ளினால் கம்பத்து மின்சாரம். கீழே தள்ளினால் ஜெனரேட்டர். நடுவில் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது! பேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டு கம்பிகளையும் துண்டிக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும். லைசென்சு பெற்ற ஒயர்மேனைக் கூப்பிட்டு மாட்ட வேண்டும். எந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் இதன் செலவு சொற்பம்.

சுவிட்சு மாட்ட வசதி இல்லையா? அப்படியானால் வீட்டு ஒயரிங்கைத் தொடவே வேண்டாம். ஜெனரேட்டரில் இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை உள்ளே இழுத்து, அதில் 2 பல்பும் ஒரு டேபிள் பேனும் மாட்டிக்கொள்ளுங்கள். கலியாணப் பந்தலில் அப்படித்தானே செய்கிறார்கள்?

வாசனை இல்லாத விஷம்

2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம், கேரளாவில் வடகரா அருகே சாலை ஓரத்தில் ஒரு சொகுசு வேன் நின்றுகொண்டு இருந்தது. உள்ளே 2 பேர் பிணமாகக் கிடந்தார்கள். காயம் இல்லை. சண்டை நடந்த அடையாளம் இல்லை. வேனில் குளிர்சாதனத்துக்காக ஜெனரேட்டர் ஓடி இருக்கிறது. அதன் புகை உள்ளே புகுந்து, இருவர் உயிரையும் குடித்துவிட்டது என்று நிபுணர்கள் சோதனை நடத்திக் கண்டுபிடித்தார்கள்.

பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. கண் எரியாது. இருமல் வராது. மூச்சோடு உள்ளே போய், ரத்தத்தில் பிராண வாயு உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலை வலிக்கும். பிறகு தலை சுற்றும். வாந்தி வரும். தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது. அப்படியே போய்விடுவார்கள்.

மழை பெய்கிறதே என்று எந்திரத்தைத் திண்ணையில் வைக்கிறார்கள். திருடன் வருவானே என்று நடைக்குள் வைக்கிறார்கள். சத்தம் கேட்கக் கூடாது என்று பின்கட்டில் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். மூன்றும் தவறு. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறுதான்.

எந்திரம் வீட்டுக்கு வெளியே, குறைந்தது 20 அடி தள்ளி இருக்க வேண்டும். புகைக் குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தும் இருக்கக் கூடாது! மழைக்கு 4 கழி நட்டு, மேலே மட்டும் தகரம் போடலாம். பக்கம் அடைக்கக் கூடாது. தரை ஈரமாக இருந்தால் செங்கல் அடுக்கி அதன் மேல் வைக்க வேண்டும். ஈரக் கையோடு தொடக் கூடாது. தலை சுற்றுவது போல் இருந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து நல்ல காற்றில் நிற்க வேண்டும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெட்ரோல் ஊற்றும்போது

ஓடிக்கொண்டு இருக்கும் எந்திரத்தில் பெட்ரோல் ஊற்றுவது, எரிகிற அடுப்பில் ஊற்றுவதற்குச் சமம். புகைக் குழாய் நெருப்பாகக் கொதிக்கும். ஒரு சொட்டுச் சிந்தினால் போதும். நிறுத்தி, கால் மணி நேரம் ஆற விட்டு, பிறகுதான் ஊற்ற வேண்டும். இருட்டில் தெரியவில்லை என்று சிம்னி விளக்கையோ மெழுகுவர்த்தியையோ பக்கத்தில் கொண்டு வந்துவிடாதீர்கள். டார்ச் லைட் அடியுங்கள். மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஊற்றிவிட்டால் இன்னும் நல்லது.

பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் வைத்தால் குழந்தைகள் தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள். மூடி உள்ள தகர டின்னில் வைத்து, சமையல் அறைக்கு வெகு தூரத்தில் வைக்க வேண்டும். நிறையச் சேர்த்து வைக்கவும் கூடாது.

பெட்ரோலும் இல்லாவிட்டால்?

2022-ம் ஆண்டு இலங்கையில் நடந்தது இது. மார்ச் 31-ந் தேதி முதல் தினம் 13 மணி நேரம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். காரணம், பெட்ரோலும் டீசலும் கிடைக்கவில்லை!

யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இதைவிடப் பெரிய இருட்டைப் பார்த்தவர்கள். 1990-ம் ஆண்டில் போர் மூண்ட பிறகு அங்கே பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. மண்எண்ணெய்க்கும் பஞ்சம். அவர்கள் என்ன செய்தார்கள்? ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்எண்ணெய் விட்டு, மெல்லிய நூல் திரி போட்டு எரித்தார்கள். போத்தலே சிம்னி ஆயிற்று. காற்றில் அணையாது. எண்ணெய் அதிகம் தின்னாது. அந்த விளக்கில் படித்து டாக்டர் ஆனவர்கள், என்ஜினீயர் ஆனவர்கள் எத்தனையோ பேர்! சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். சுற்றுகிறவருக்குக் கை வலித்தால் செய்தி பாதியில் நின்றுவிடும். அடுத்தவர் ஓடி வந்து சுற்றுவார். அவர்களுடைய ஜெனரேட்டர் அதுதான்.

மாதம் ஒரு தடவை

புயலுக்குப் புயல்தான் எந்திரத்தைத் தொடுவது என்று இருந்தால், தேவைப்படும் அன்று அது கிளம்பாது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் கழன்று போகும். காரணம் பழைய பெட்ரோல். மாதக்கணக்கில் கிடந்தால் அது கார்புரேட்டருக்குள் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்து இருக்கிறது. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே மாதம் ஒரு தடவை கால் மணி நேரம், 2 விளக்கைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். நீண்ட நாள் ஓட்டப் போவதில்லை என்றால் பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள்.

என்ஜின் ஆயில் அளவை ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். புது எந்திரமாக இருந்தால் 20 மணி நேரம் ஓடியதும் முதல் ஆயிலை மாற்ற வேண்டும். அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. செப்டம்பரிலேயே மெக்கானிக்கிடம் காட்டிவிட்டால், மழைக்காலத்தில் அவர் பின்னால் அலைய வேண்டியது இல்லை.

கிளப்பும்போது விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். எந்திரம் சீராக ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். முதலில் மின்விசிறி. பிறகு டெலிவிஷன். கடைசியில் பல்பு.

கம்பி அறுந்து கிடந்தால் யாரும் கிட்டே போகக் கூடாது. மாடு போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்சார வாரியத்தின் "மின்னகம்" என்ற சேவை மையம் 2021-ம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கப்பட்டது. இரவு பகல் எந்த நேரத்திலும் 94987 94987 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லலாம். ஊர்ப் பெயரோடு கம்பத்தில் எழுதி இருக்கும் எண்ணையும் சொன்னால் அவர்களுக்கு இடம் கண்டுபிடிப்பது எளிது. செல்போனில் சார்ஜ் இருக்கும்போதே அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவிளக்கு எரிந்ததும், "ஓ! கரண்ட் வந்துவிட்டது!" என்று பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். உடனே ஓடிப்போய் எந்திரத்தின் கழுத்தைத் திருகக் கூடாது. முதலில் எல்லா விளக்கையும் அணையுங்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்சை நடுவுக்குக் கொண்டு வாருங்கள். எந்திரம் பாரம் இல்லாமல் 2 நிமிடம் ஓடட்டும். பிறகு நிறுத்தி, பெட்ரோல் குழாயை மூடுங்கள். கைப்பிடியை மேலே தள்ளுங்கள். விளக்கைப் போடுங்கள். கோணிச் சாக்கை எந்திரத்தின் மேல் போர்த்துவது மறுநாள் காலையில் இருக்கட்டும். இப்போது போர்த்தினால் சாக்கு பற்றிக்கொள்ளும்.